கற்குவியலும் பதுக்கையும் ஒன்றா?

பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் கூட்டப்பெயர் என்று ஒரு பகுதி வரும். புல் என்றால் புற்கட்டு, ஆடு என்றால் ஆட்டுமந்தை, பழம் என்றால் பழக்குலை. அந்தப் பட்டியலில் கல்லுக்கு நேரே இருப்பது கற்குவியல். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் தமிழில் கற்குவியலுக்கு இன்னும் பல பெயர்கள் உண்டு. எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் போட முடியாது. யார் குவித்தது, எதற்காகக் குவித்தது என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். அவற்றில் பதுக்கை என்ற சொல்லுக்கு வயது 2000 ஆண்டு. அது தெரிந்தால், ஊருக்கு வெளியே பொட்டலில் கிடக்கும் சில கல்மேடுகள் உண்மையில் என்ன என்பதும் தெரியவரும். அதனால் மற்றச் சொற்களைச் சீக்கிரம் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

முதலில் கற்குவியல். குவி என்பது வினை. குவிந்து கிடப்பது குவியல். லாரி கொட்டிவிட்டுப் போன ஜல்லியும் கற்குவியல்தான், இடிந்த சுவரின் கல்லை ஓரமாக ஒதுக்கியதும் கற்குவியல்தான். பேச்சில் நாம் ‘கல்லைக் குமிச்சு வச்சிருக்காங்க’ என்போம், அல்லது ‘ஜல்லி மேடு’ என்போம். இந்தச் சொல்லில் காரணமோ காலமோ ஒன்றும் இல்லை. கற்கள் ஓரிடத்தில் மேடாகக் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

எழுதும்போது ஒரு சின்ன சந்தேகம் வரும். கல் + குவியல் எப்படிக் கற்குவியல் ஆகிறது? ல் என்று முடியும் சொல்லுக்குப் பின்னால் க, ச, ப என்ற வல்லினம் வந்தால், இப்படிப்பட்ட தொடர்களில் அந்த ல் ற் ஆகத் திரியும். கற்சிலை, கற்பாறை எல்லாம் அப்படி வந்தவைதான். இடையினம் வந்தால் மாறாது; அதனால் கல்வட்டம். தகரம் வந்தால் இரண்டும் சேர்ந்து மாற வேண்டும், அதாவது கல் + திட்டை என்பது கற்றிட்டை ஆக வேண்டும். ஆனால் அப்படி எழுதினால் படிக்கிறவர் தடுமாறுவார் என்பதால் தொல்லியல் நூல்கள் கல்திட்டை என்றே எழுதுகின்றன. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். கல்குவாரியை யாரும் கற்குவாரி என்று எழுதுவதில்லை.

குவை என்பதும் குவியலின் உடன்பிறப்புதான், கொஞ்சம் பழைய சாயல் உள்ளது. பொற்குவை, மணிக்குவை என்று செல்வத்தோடு சேர்ந்து வரும். கற்குவை என்ற வடிவத்தைத் தொல்லியல் துறையினர் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கற்குவை என்றால் புதைகுழியின் மேல் போட்ட கல்மேடு என்று பொருள். அப்புறம் குப்பை. இன்று குப்பை என்றால் கழிவுதான். பழைய தமிழில் குப்பை என்றால் வெறும் குவியல். நற்றிணை 138-ஆம் பாட்டில் உமணர் விற்கும் உப்பு ‘உவர் விளை உப்பின் குன்று போல் குப்பை’ என்று வருகிறது. குன்று போல் குவித்த வெள்ளை உப்பு அது. குவால் என்ற சொல்லும் குவியல்தான். இன்று வழக்கில் அரிது.

ஒவ்வொரு பொருளின் குவியலுக்கும் தனிப்பெயர் வைப்பது நம் மொழியில் இயல்பு. வைக்கோலுக்குப் போர், தெற்கே போனால் படப்பு. களத்தில் தூற்றிய நெல்லுக்குப் பொலி, குவித்து வைத்த தானியத்துக்கு அம்பாரம். ஒழுங்காக ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் அடுக்கு. சங்கப் பாடல்களில் அடுக்கல் என்றால் மலை, அடுக்கம் என்றால் மலைப்பக்கம். பாறைமேல் பாறை அடுக்கியதாக மலையைப் பார்த்த சொல் அது. இயற்கையாகக் கிடக்கும் சரளை மேட்டுக்கு முரம்பு என்று பெயர், அதில் கிடக்கும் சிறுகல் பரல். இவை மனிதன் கை வைக்காதவை. கட்டுரையில் ஓரிடத்தில் கற்குவியல் என்று வந்துவிட்டதே, அடுத்த வரியில் வேறு சொல் போடலாமே என்று தேடுகிறவர்கள் முரம்பையோ அடுக்கலையோ எடுத்துப் போட்டுவிடக் கூடாது.

சரி, பதுக்கைக்கு வருவோம்.

பதுக்கு என்ற வினை நமக்கு நன்றாகத் தெரியும். ரேஷன் அரிசியைப் பதுக்கினார்கள் என்று செய்தியில் வாரம் ஒருமுறையாவது வருகிறது. மறைத்து வைப்பது என்று பொருள். அந்த வினையிலிருந்து வந்த பெயர் பதுக்கை. எதை மறைத்தது? உடலை. பாலை நிலத்து வழியில் கொல்லப்பட்டவர்களின் உடலைத் தழையாலும் கல்லாலும் மூடிய மேடுதான் சங்கப் பாடல்களின் பதுக்கை. அகநானூற்றில் ‘உவல் இடு பதுக்கை’ என்று வரும். உவல் என்றால் சருகு, தழை.

பாலைத்திணைப் பாடல்களில் இந்த மேடு திரும்பத் திரும்ப வருகிறது. பொருள் தேடித் தலைவன் போகும் காட்டுவழி எவ்வளவு கொடியது என்று சொல்ல, புலவர்கள் வெயிலைச் சொல்வார்கள், நீரில்லாமையைச் சொல்வார்கள், அப்புறம் பதுக்கையைக் காட்டுவார்கள். வழிப்பறி செய்யும் ஆறலைகள்வர் அம்பெய்து கொன்ற வழிப்போக்கர்கள் அங்கேயே கல்லுக்கடியில் கிடக்கிறார்கள். அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டேதான் அடுத்தவர் நடக்க வேண்டும். ஐங்குறுநூறு 362-இல் வரும் வழி ‘பதுக்கைத்து ஆய ஒதுக்கு அருங் கவலை’, பதுக்கைகள் உள்ள, ஒதுங்கி நடக்கவும் முடியாத கிளைவழி. கலித்தொகையின் 12-ஆம் பாட்டு ஒன்றிரண்டோடு நிற்கவில்லை. முள்ளை வெட்டிப் போட்ட நெடிய வேலி போலப் பதுக்கைகள் வரிசையாக நிற்கின்றன என்கிறது. அந்த ஒரு வழியில் எத்தனை பேர் செத்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் அந்த உவமையின் கனம் தெரியும்.

இரண்டு பாட்டுகளை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒன்று புறநானூறு 3. இரும்பிடர்த்தலையார் பாண்டியன் கருங்கை ஒள்வாள் பெரும்பெயர் வழுதியைப் பாடியது. அரசனைத் தேடி வரும் இரவலர் எந்த வழியைக் கடந்து வருகிறார்கள் தெரியுமா என்று புலவர் அவனிடமே சொல்லும் இடம்:

‘அம்பு விட வீழ்ந்தோர் வம்பப் பதுக்கை’

வம்பு என்பதற்கு இங்கே புதுமை என்று பொருள். குறி தவறாத மறவர் அம்பு விட, விழுந்தவர்கள்மேல் போட்ட புதுப் பதுக்கை. அடுத்த அடியிலேயே ஒரு பருந்து வருகிறது. திருத்தமான சிறகும் வளைந்த அலகும் உள்ள பருந்து அங்கே இருந்து வருந்துகிறது. உண்ண உடல் இருக்கிறது, ஆனால் கல் மூடியிருக்கிறது. அதனால்தான் அந்த வருத்தம் என்று நான் படிக்கிறேன்.

இன்னொன்று நற்றிணை 352. இதில் வருவது கிழட்டு நரி. வழிப்போக்கர் பலர் செத்துக் கிடக்கும் இடத்தில், நெருப்புப் போன்ற சிவந்த செவியுடைய சேவற்கழுகை விரட்டிவிட்டுப் பச்சை மாமிசத்தைத் தின்கிறது. தின்றபின் சூடு தாங்கவில்லை. தண்ணீர் என்று நினைத்துக் கானல்நீர் மின்னும் வெற்றுநிலத்தைத் துழாவுகிறது. ஒதுங்க இடமில்லாத அந்தக் காட்டில் நிழல் என்று பாட்டு சொல்வது பதுக்கையின் நிழலைத்தான். உடலை நரியும் பருந்தும் தொடக்கூடாது என்று கல்லைப் போடுகிறார்கள். அதே நரியையும் பருந்தையும் புலவர்கள் அந்தக் கல்லின் பக்கத்திலேயே கொண்டுவந்து வைக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டு பாட்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

பதுக்கையோடு குழப்பிக்கொள்ளும் சொல் நடுகல். நடுகல் ஒற்றைக் கல், நட்டு நிறுத்துவது. போரிலோ ஆநிரை மீட்பதிலோ இறந்த வீரனுக்கு உரியது. பெயர் பொறிப்பார்கள், மயிற்பீலி சூட்டுவார்கள், கள்ளும் பலியும் படைப்பார்கள். தொல்காப்பியம் இதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு கட்டங்களைச் சொல்கிறது. பதுக்கையில் கிடப்பவருக்குப் பெரும்பாலும் பெயரே தெரியாது. இரண்டும் ஒன்றாக வரும் இடமும் உண்டு. புறநானூறு 264-இல் உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடுகிறார்: பரற்கல் நிறைந்த இடத்தில் பதுக்கையை ஒட்டி, மரல் நாரில் தொடுத்த சிவந்த பூங்கண்ணியும் மயிற்பீலியும் சூட்டி, பெயர் பொறித்துக் கல்லும் நட்டுவிட்டார்கள், கன்றோடு கறவையை மீட்டுத் தந்தவன் போய்விட்டான் என்று தெரியாமல் பாணர் கூட்டம் இன்றும் வருமோ? இங்கே மேடு வேறு, கல் வேறு என்பது தெளிவாக இருக்கிறது. உடல்மேல் மேடு, அதன் பக்கத்தில் பெயர் சொல்லும் கல்.

இது வெறும் கவிதை வழக்கு என்று நினைக்க வேண்டாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அதில் ஒன்றில் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று இருக்கிறது. கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த தீயன் அந்தவனின் கல். ஆநிரை கவர்வதைக் குறிக்கும் ஆகோள் என்ற சொல்லைத் தொல்காப்பியத்தில் படித்தவர்கள் அதே சொல்லைக் கல்லிலும் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும்!

பதுக்கை மண்ணில் கிடைக்கிறதா என்ற கேள்விக்குத் தொல்லியல்தான் பதில் சொல்ல வேண்டும். தென்னிந்தியா முழுவதும் இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்குப் பெரிய கல் வைத்து எழுப்பிய ஈமச்சின்னங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெருங்கற்காலச் சின்னங்கள் என்று பாடத்தில் படித்திருப்போம். அவற்றில் நம் கற்குவியலுக்கு நெருக்கமானது கற்குவை வட்டம். அதை எப்படி எழுப்பினார்கள் என்று பார்ப்போம். முதலில் குழி தோண்டுவார்கள். சில ஊர்களில் அந்தக் குழிக்குள் நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, அடியில் ஒரு கல், மேலே மூட ஒரு கல் என்று பெட்டிபோல் ஓர் அறை அமைப்பார்கள். ஒரு பலகையில் வட்டமாகத் துளை இருக்கும்; அதற்கு இடுதுளை என்று பெயர், பெரும்பாலும் கிழக்குப் பார்த்து இருக்கும். வேறு ஊர்களில் கல்லறைக்குப் பதிலாகத் தாழியோ, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையோ இருக்கும். எலும்பு, கருப்புச்சிவப்புப் பானைகள், இரும்புக் கத்தி, மணிகள் எல்லாம் உள்ளே. குழியை மண் போட்டு மூடிய பிறகு மேலே உருண்டைக்கற்களையும் உடைகற்களையும் கொட்டி மேடாக்குவார்கள். அதுதான் கற்குவை. கடைசியில் அந்த மேடு சரிந்து போகாமல் சுற்றிலும் பெரிய குண்டுக்கற்களை வட்டமாகப் பதிப்பார்கள். மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரிவது வட்டமும் அதன் நடுவில் கொஞ்சம் உப்பிய கல்மேடும் மட்டும்தான்.

ஈரோடு மாவட்டம் கொடுமணலில், நொய்யல் கரையில், இப்படிப்பட்ட ஈமக்காடு இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அங்கே தோண்டிய கல்லறைகளில் சூதுபவள மணிகள் குவியலாகக் கிடைத்தன. செங்கல்பட்டுப் பக்கம் சாணூரில் 1950-களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கல்வட்டத்துக்குள் சுடுமண் ஈமப்பேழைகள் இருந்தன. புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலுக்கு ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் வழியில் இருக்கும் கல்வட்டங்களைப் பார்க்காமல் தாண்டிவிடுகிறார்கள். அடுத்தமுறை போனால் வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

நீலகிரி உச்சிகளில் இருப்பவை வேறு ரகம். கிணற்றின் சுற்றுச்சுவர் போலக் கல்லை வட்டமாக அடுக்கியவையும், வெறும் கற்குவைகளும் அங்கே உண்டு. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் அவற்றைத் தோண்டிப் பார்த்து எழுதிய நூல் 1873-இல் வந்தது. எருமை முதலான உருவங்களை மூடியின் உச்சியில் வைத்த உயரமான பானைகளும் வெண்கலக் கிண்ணங்களும் அவற்றில் கிடைத்தன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். மூடியில் நிற்கும் அந்த எருமைகளைப் பார்க்கவே ஒருமுறை போகலாம்.

சங்கப் பாடல்களையும் இந்தச் சின்னங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் கே. ஆர். சீனிவாசன். 1946-இல் அவர் எழுதிய கட்டுரை தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களையும் தாழிக்காடுகளையும் தமிழ் இலக்கியத்தின் துணையோடு விளக்கியது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டப் பகுதியில் வரும் ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியில் கவிப்போர்’ என்ற அடிகள் இந்தப் பேச்சில் தவறாமல் வரும். ஒரே சுடுகாட்டில் ஐந்து விதமான வழக்கம்.

இங்கே தொடக்கநிலை வாசகர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. தொல்லியல் நூல்களில் கற்பதுக்கை என்று வந்தால் அது மேலே கிடக்கும் குவியலைக் குறிக்காது. நிலத்துக்கடியில் பலகைக்கற்களால் செய்த அந்தப் பெட்டி அறையைத்தான் அவர்கள் கற்பதுக்கை என்கிறார்கள். அதே மாதிரி அறை நிலத்துக்கு மேலே தெரிந்தால் கல்திட்டை. மேலே கொட்டிய கல்மேடு கற்குவை. சங்கப் பாட்டின் பதுக்கைக்கு உரைகள் கற்குவியல் என்றே பொருள் சொல்கின்றன. ஆக, பாட்டில் படித்தால் மேடு, அகழாய்வு அறிக்கையில் படித்தால் அடியில் இருக்கும் அறை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கல்லறை என்ற சொல்லை நான் மேலே கல்லால் ஆன அறை என்ற நேர்ப்பொருளில் எழுதினேன். இன்றைய வழக்கில் அது கிறிஸ்தவர்களின் சமாதியை நினைவூட்டும் என்பதால் கற்குவைக்கு மாற்றாக அதைப் போடாமல் இருப்பது நல்லது.

ஊர்மக்களுக்கு இந்தப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை. அவர்கள் பாண்டவர் குழி என்றார்கள், குள்ளர் வீடு என்றார்கள். வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கிய இடம் என்று ஒரு கதை, முன்பு வாழ்ந்த குள்ளமான மனிதர்களின் வீடு என்று இன்னொரு கதை. கேரளத்தின் மறையூரில் கல்திட்டைகளுக்கு முனியறை என்று பெயர். கதை சரியோ தவறோ, ‘இது யாரோ கட்டியது, கை வைக்காதே’ என்ற எண்ணத்தை அந்தப் பெயர்கள் காப்பாற்றி வைத்திருந்தன. கற்குவியல் என்ற பொதுச்சொல்லில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

உலகின் பல பகுதிகளிலும் கல்லைக் குவிக்கும் வழக்கம் உண்டு. ஸ்காட்லாந்தில் கெய்ர்ன் என்பார்கள். கல்லறை மேடும் அதுதான், மலையேறுகிறவர்களுக்கு வழி காட்டும் கல்லடுக்கும் அதுதான். கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் இனுயிட் மக்கள் எழுப்பும் இனுக்சுக் அவர்களுடைய நூனாவுட் பிரதேசத்தின் கொடியிலேயே இருக்கிறது. நம் ஊர் மலைக்கோயில் படிக்கட்டு ஓரங்களில், சொந்த வீடு அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு சின்னக் கற்களை அடுக்கிவிட்டுப் போவதையும் பார்த்திருப்பீர்கள். அதைக் கல்லடுக்கு என்றால் சரியாக இருக்கும். பதுக்கை என்று சொன்னால் பொருள் விபரீதமாகிவிடும்.

கடைசியாக, களத்தில் எப்படிப் பிரித்தறிவது? உழவர் நிலத்திலிருந்து பொறுக்கிப் போட்ட கல் பெரும்பாலும் வரப்பு ஓரத்தில் நீளவாக்கில் கிடக்கும். கற்கள் தளர்வாக இருக்கும், கையால் எடுத்துவிடலாம். குவாரிக் கல்லின் முனைகள் கூர்மையாக, உடைந்த முகம் வெளுப்பாக இருக்கும். கற்குவை அப்படி இருக்காது. கற்கள் வெயிலிலும் மழையிலும் கருத்து, பாதி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். மேடு தாழ்வாக, ஏறக்குறைய வட்டமாக இருக்கும். சுற்றிலும் குண்டுக்கற்கள் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்; சில இடங்களில் வட்டத்தின் பாதிக் கல்லை யாரோ அஸ்திவாரத்துக்கு எடுத்துப் போயிருப்பார்கள், மீதியை வைத்து வட்டத்தைக் கண்ணால் முடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் உள்பக்கம் கருப்பும் வெளிப்பக்கம் சிவப்புமான பானை ஓடு கிடந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. ஒன்று இருக்கும் இடத்தில் சுற்றுமுற்றும் தேடினால் இன்னும் சில இருக்கும், ஏனென்றால் இவை ஈமக்காடுகள்.

இவை வேகமாக அழிகின்றன. பொக்லைன் ஒரு மணி நேரத்தில் ஓர் ஈமக்காட்டைச் சமதளமாக்கிவிடும். மனை போடுகிறவருக்கும் ரோடு போடுகிறவருக்கும் அது வெறும் கல்மேடு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதியில் பல ஈமக்காடுகளை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் அப்படிப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பத் தடை விதிக்கின்றன. பட்டியலில் வராத மற்ற இடங்களுக்கு ஊர்க்காரர்களின் கண்தான் காவல். அப்படி ஒரு மேட்டைப் பார்த்தால் கல்லை நகர்த்தாதீர்கள், பானை ஓட்டைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். பொருள் எந்த இடத்தில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்கு வேண்டிய தகவல். கைபேசியில் இருப்பிடம் பதிவாகும்படி படம் எடுங்கள், அளவு தெரிய ஒரு குடையையோ செருப்பையோ பக்கத்தில் வைத்து எடுங்கள். மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கோ மாநிலத் தொல்லியல் துறை அலுவலகத்துக்கோ அனுப்புங்கள். மண்ணில் மணியோ காசோ வெளிப்பட்டிருந்தால் தாசில்தார் அலுவலகத்திலும் சொல்லிவிடுங்கள்; 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் அப்படிக் கிடைத்த பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. கடிதத்தில் ‘கற்குவியல்’ என்று மட்டும் எழுதாமல் ‘கற்குவை வட்டம் போல் தெரிகிறது’ என்று எழுதுங்கள். படிக்கிற அதிகாரிக்கு எதைப் பார்க்க வர வேண்டும் என்பது உடனே புரியும்.